சோறு போடாத மருமகள்

என் மாமியாருக்கு நான் சோறு போடுவதில்லை. எங்கள் கொட்டாயில், இந்தச் சின்னக் குக்கிராமத்தில், யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், சொல்வார்கள். பால் ஊற்றும் இடத்தில் சொல்வார்கள், ரேஷன் கடை வரிசையில் சொல்வார்கள். ஏரியூர் போகிற பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்காதவர்கள்கூட கம்பியைப் பிடித்துக்கொண்டே சொல்வார்கள். ஒருமுறை அந்த பஸ்ஸில் நானே இருந்தேன். முன் சீட்டில் இருந்த இரண்டு பெண்களுக்கு என் முகம் தெரியாது, ஆனால் என் கதை தெரிந்திருந்தது.

"அது பால்வாடில வேலை செய்யுதாம். ஊர்ப் புள்ளைங்களுக்கெல்லாம் சோறு போடுதாம். வூட்டுல கெழவி பட்டினியாம்."

"கலிகாலம்."

இறங்கும்போது அவர்கள் தோளைத் தட்டி, "அந்தப் பால்வாடி டீச்சர் நான்தாங்க" என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சொல்லாமல் விட்ட அந்த வாக்கியத்தைத்தான் இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன்.

பன்னிரண்டாவது வரை படித்து, அங்கன்வாடியில் பணியாளராகச் சேர்ந்து, எங்கள் கொட்டாய்க்குப் பக்கத்திலேயே வேலை பார்க்கிறேன். பிள்ளைகளை எடை போடுவேன், உயரம் அளப்பேன், மதியம் சோறும் பருப்பும் முட்டையும் பரிமாறுவேன். வாயைத் திறக்காமல் அடம்பிடிப்பதுகளுக்குக் காக்கா கதை சொல்லி ஊட்டுவேன். மகளைக் கட்டிக் கொடுத்த பிறகு வீட்டில் நானும் அத்தையும்தான். என் வீட்டுக்காரர் லாரி டிரைவர். பெங்களூருக்கும் சேலத்துக்கும் நடுவில் அவர் வாழ்க்கை ஓடுகிறது. தொப்பூர் இறக்கத்தில் சரக்கு வண்டி ஓட்டுகிற மனிதனிடம் வீட்டுச் சண்டையைப் போனில் சொல்லக் கூடாது என்பது நானே போட்டுக்கொண்ட சட்டம். அதனால் அவருக்கு எதுவும் என் வாயால் தெரியாது. அவர் அக்கா வாயால் தெரியும். காரிமங்கலத்தில் இருக்கும் என் நாத்தனாருக்கு அப்படி எந்தச் சட்டமும் இல்லை.

அத்தை காவிரிக்கு அந்தப் பக்கம் கன்னடம் பேசும் வீட்டில் பிறந்தவர். வயதுக்கு வந்த கையோடு இங்கே வாழ்க்கைப்பட்டு, தமிழை மாமியாரிடமும் மாடுகளிடமும் கற்றுக்கொண்டவர். பள்ளிக்கூடத்தின் பக்கம் போனதில்லை. அனுப்பவில்லை, அதனால் போகவில்லை. கேழ்வரகுக் காடும் இரண்டு மாடுகளும் அவர் பொறுப்பில் இருந்தன. அவர் கிண்டிய களியில் மாவுக் கட்டியைப் பார்த்தவர் எங்கள் சொந்தத்திலேயே கிடையாது. கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்த அன்று என்னிடம் அவர் கேட்ட ஒரே கேள்வி, "களி கிண்டத் தெரியுமா?" என்பதுதான். தெரியும் என்று பொய் சொன்னேன். கல்யாணத்துக்கு மறுநாள் பொய் வெளுத்தது. அத்தை சிரித்துக்கொண்டே களி கிண்டும் துடுப்பை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார், பிறகு பல வருஷம் தரவே இல்லை.

அந்தத் துடுப்பில்தான் முதலில் எனக்குத் தெரிந்தது. ஒருநாள் உலை கொதிக்கும் முன்பே மாவைக் கொட்டிவிட்டார். கை தவறியிருக்கும் என்று விட்டேன். இன்னொரு நாள் துடுப்பைக் கையில் வைத்துக்கொண்டு பானையையே பார்த்தபடி நின்றார். தண்ணீர் கொதித்து, சுண்டி, அடிப்பிடித்தது. "அத்த, மாவு போடலீங்களா?" என்றேன். அவர் திரும்பி என்னைப் பார்த்த பார்வையில் பயம் இருந்தது. அத்தையின் முகத்தில் நான் பயத்தைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. மாமனார் செத்தபோதுகூட அந்த முகத்தில் கோபம்தான் இருந்தது.

அப்புறம் தமிழ் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றது. பழைய கன்னடம் மேலே வந்தது. என்னைத் தன் தங்கை என்று நினைத்து, எப்போதோ விற்றுவிட்ட மாட்டைப் பற்றி என்னோடு சண்டை போட்டார். பிறகு அது ஆரம்பித்தது. தின்று முடித்த தட்டைக் கழுவி வைத்து, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, வாசலுக்கு வந்து, போகிறவர் வருகிறவரிடம் சொல்வார்: "ஊட்டா ஆகில்ல." சாப்பாடு ஆகவில்லை என்று அர்த்தம். கன்னடம் தெரியாதவர்கள் எங்கள் ஊரில் இருக்கிறார்கள், ஆனால் அந்த இரண்டு வார்த்தை தெரியாதவர் எவருமில்லை.

தர்மபுரியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நரம்பு டாக்டர் ஒருவரிடம் கூட்டிப் போனேன். லீவு போட்டு, பஸ் மாறி, டோக்கன் வாங்கி, மதியம் தாண்டி உள்ளே போனோம். டாக்டரின் உதவியாளர் ஒருவர் ஒரு தாளை வைத்துக்கொண்டு கேள்வி கேட்டார்.

"ஆயா, இது எத்தனாவது மாடிங்க?"

அத்தை சுற்றும் முற்றும் பார்த்தார். "மாடியா? ஏணியக் காணமே?"

நாங்கள் லிஃப்டில் வந்திருந்தோம். அத்தையைப் பொறுத்தவரை ஒரு சின்ன அறைக்குள் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வெளியே வந்தோம், அவ்வளவுதான். எனக்கே அது எத்தனாவது மாடி என்று நிச்சயமில்லை. என்னை யாரும் கேட்கவில்லை.

"நூறுல ஏழு போனா எவ்வளவுங்க?"

"என்னா நூறு?"

"எதா இருந்தாலும் சரிங்க ஆயா."

"எதா இருந்தாலும்னா? மாடா, கோழியா? கோழின்னா ஏழு எங்க போச்சுன்னு தேடுவமா, இங்க ஒக்காந்து கணக்குப் போடுவமா?"

ஒரு படத்தைக் காட்டி என்ன மிருகம் என்றார் உதவியாளர். காண்டாமிருகம். அத்தை உற்றுப் பார்த்து, "எருமதான். கொம்பு எடம் மாறி மொளச்சிருக்குது" என்றார். கடைசியில் பேனாவைக் கையில் கொடுத்து, கடிகாரம் ஒன்று வரையச் சொன்னார்கள். வாழ்நாள் முழுவதும் எங்கும் பெருவிரல் ரேகை மட்டுமே வைத்த கை அது. அத்தை பேனாவைக் களைக்கொத்து பிடிப்பதுபோல் பிடித்து, தாளைக் கீறினார். தாள் கிழிந்தது. உதவியாளர் அதற்கும் ஒரு சுழி போட்டுக்கொண்டார்.

டாக்டர் கெட்டவர் இல்லை. தாளைப் பார்த்துவிட்டு நேர்மையாகவே பேசினார். "மார்க் ரொம்பக் கம்மிதாம்மா. ஆனா படிக்காதவங்களுக்கு இதுல எப்பவுமே கம்மியாத்தான் வரும். இத வெச்சு வியாதின்னும் சொல்ல முடியாது, இல்லன்னும் சொல்ல முடியாது. வயசாகுதில்ல? வைட்டமின் எழுதித் தரேன்."

"படிக்காதவங்களுக்குன்னு வேற கேள்வி இல்லீங்களா?"

"இருக்குன்னு சொல்றாங்க. நம்மகிட்ட இல்ல."

நம்மகிட்ட இல்ல. எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார். ஊரில் பாதிக் கிழவிகளுக்கு மேல் கைநாட்டு. இருந்தும் அவர்களைக் கேட்கத் தகுந்த கேள்வி ஆஸ்பத்திரியில் இல்லையாம். நூற்றிலிருந்து ஏழைக் கழிக்கத் தெரியாதது இவர் மறந்ததா, தெரியாததா என்று தாளுக்குத் தெரியாது. மறப்பதற்கு முதலில் கற்றுக் கொடுத்திருக்க வேண்டுமே. அத்தை தொலைத்தது கணக்கை அல்ல, களியை. அவரை ஒரு அடுப்பின் முன்னால், ஒரு பானை உலையும் ஒரு படி மாவும் கொடுத்து நிறுத்திப் பார்த்திருந்தால் போதும், வார்டு பெருக்குகிற அம்மாகூட வியாதியின் பெயரைச் சொல்லியிருப்பார். இதை டாக்டரிடமும் சொன்னேன். அவர் சிரித்தார். கேலி இல்லை அது, பின்னால் இன்னும் நிறையப் பேர் காத்திருக்கும்போது வரும் சிரிப்பு.

வைட்டமினோடு வீட்டுக்கு வந்தேன். வியாதி என்று ஒரு பேர் எழுதி வாங்கி வந்திருந்தால் நாத்தனாரின் முகத்துக்கு நேரே நீட்டியிருப்பேன். பேரில்லாமல் போய்விட்டதால் நான்தான் வியாதி ஆனேன்.

நாத்தனார் வந்தார். அத்தை வாசலிலேயே அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, "ஊட்டா ஆகில்ல மகளே" என்று அழுதார். உள்ளே அடுப்படியில் அத்தை தின்ற தட்டு இன்னும் ஈரம் காயாமல் இருந்தது. நான் அதை எடுத்து வந்து காட்டினேன். ஈரத் தட்டை வைத்து யார்தான் வழக்கை ஜெயித்திருக்கிறார்கள்?

"ஏம்மா டீச்சரம்மா," என்றார் நாத்தனார், "ஊரான் புள்ளைய ஊட்டி வளத்தா தன் புள்ள தானா வளரும்னு சொல்வாங்க. மாமியாரும் தானா வளரும்னு வுட்டுட்டியா?"

"அண்ணி, அவங்களுக்கு மறதி. தின்னதே ஞாபகம் நிக்கலீங்க."

"மறதியா? எனக்கு எந்தக் கெழமையில அம்மை போட்டுச்சுன்னு இப்பக் கேளு, சொல்லும். சின்ன வயசுல ஆத்தங்கரையில படிச்ச பாட்ட அட்சரம் தப்பாமப் பாடும். சோறு மட்டும் மறந்து போயிடுமா?"

அதுதான் இந்த நோய் என்று சொல்ல என்னிடம் தாள் இல்லை. டாக்டரே வயசு என்றுதானே சொன்னார் என்று அவர் திருப்பிக் கேட்டார். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா?

இதற்கிடையில் இன்னொரு கூத்து. அத்தைக்குச் சர்க்கரை உண்டு. மாத்திரை நேரத்துக்குக் கொடுத்தேன். அரிசியைக் குறைத்தேன், களியும் சாமையும் கீரையுமாகப் போட்டேன். ஆனால் ஒவ்வொரு மாதமும் ரத்தம் எடுத்துப் பார்த்தால் சர்க்கரை ஏறிக்கொண்டே போனது. பரிசோதனை செய்கிற நர்ஸ் என்னைத் திட்டினார்: "ஏம்மா, நீங்களே டீச்சர், புள்ளைங்களுக்குச் சத்துணவப் பத்திக் கிளாஸ் எடுக்கறவங்க. பாசத்துல இப்படி வாரி வாரிப் போட்டா பெரியம்மாவக் கொன்னுடுவீங்க." மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். ஊருக்குள் நான் பட்டினி போட்டுக் கொல்கிறவள், ஊரைத் தாண்டினால் அள்ளிப் போட்டுக் கொல்கிறவள். எது உண்மை என்று ஒரு கட்டத்தில் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. அரிசி டப்பாவைப் பூட்டினேன். அதுவும் ஊரில் தெரிந்து போனது.

அந்தச் சமயத்தில்தான் ஏதோ ஒரு பெரிய நகரத்திலிருந்து ஆராய்ச்சிக் குழு வந்தது. முதியவர்களின் ஞாபக சக்தி பற்றி ஆராய்ச்சி என்றார்கள். எனக்கு அன்று இரவு தூக்கமே வரவில்லை, அவ்வளவு சந்தோஷம். கடைசியில் யாரோ எங்களைத் தேடி வந்துவிட்டார்கள். அங்கன்வாடியையே முகாமுக்குக் கொடுத்து, வீடு வீடாகப் போய்க் கிழவன் கிழவிகளைத் திரட்டினேன். அத்தைக்குத் தலை சீவி, புதுப் புடவை கட்டி, முதல் ஆளாக உட்கார வைத்தேன்.

கையில் டேப்லெட் வைத்திருந்த பெண்ணுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். மரியாதையான பெண். முதல் கேள்வியே படிப்பு பற்றியது.

"ஆயா எத்தன வருஷம் ஸ்கூலுக்குப் போனாங்க?"

"போகலீங்க."

அவள் எதையோ தொட்டாள். டேப் அடுத்த பக்கத்துக்குப் போக மறுத்தது. மறுபடி தொட்டாள். பிறகு தாழ்ந்த குரலில், "சாரிங்க மேடம். இந்த ஸ்டடில கொறஞ்சது கொஞ்ச வருஷமாவது படிச்சவங்கதான் வர முடியும். பேர் எழுதும்போது சர்க்கரை வேற இருக்குன்னு சொன்னீங்க. அதுவும் கூடாது" என்றாள்.

"ஏங்க?"

"அப்பத்தான் ரிசல்ட் சுத்தமா வரும்னு வெச்சிருக்காங்க."

சுத்தம். எங்கள் கொட்டாயில் படிக்காத, சர்க்கரையும் இல்லாத கிழவிகள் இருக்கிறார்கள். படித்த, சர்க்கரை இல்லாத கிழவியைக் கண்டுபிடித்தால் கோயில் கட்டிக் கும்பிடலாம். அவளிடம் அதைச் சொன்னேன். அவள் சங்கடமாக நெளிந்தாள். சரி, வீட்டிலிருப்பவர்களைக் கேட்கும் கேள்வியாவது இருக்கிறதா என்றேன். இருந்தது. படித்துக் காட்டச் சொன்னேன். பேங்க் கணக்கைத் தானே பார்த்துக்கொள்வதில் சிரமம் உண்டா? டி.வி. ரிமோட்டை இயக்குவதில்? பிடித்த பொழுதுபோக்கில் ஆர்வம் குறைந்துள்ளதா?

என் அத்தைக்குப் பேங்க் புத்தகத்தை மாமனார் காட்டியதே இல்லை. அவர் போன பிறகு மகன் பார்த்துக்கொண்டார். ரிமோட் என் வீட்டுக்காரர் கையில். பொழுது அத்தைக்குப் போகாமல் இருந்ததே கிடையாது, பொழுது போதாமல்தான் இருந்தது. இந்தப் பட்டியலை வைத்துப் பார்த்தால் அத்தைக்கு எந்தச் சிரமமும் இல்லை, பூரண சுகம். "தின்னுட்டுத் தின்னலன்னு அழுவறாங்களான்னு ஒரு கேள்வி இருக்குதா?" என்று கேட்டேன். அவள் உண்மையிலேயே தேடிப் பார்த்தாள். "இல்லீங்க மேடம்."

"இந்தக் கேள்வியெல்லாம் யார் எழுதறது?"

"வெளிநாட்டுல எழுதினதுங்க. நாம தமிழ்ல மாத்தி வெச்சிருக்கோம்."

பிறகுதான் அவள் அதைச் சொன்னாள். உதவி செய்கிற நல்லெண்ணத்தில்தான் சொன்னாள், அதனால் எனக்கு இன்னும் எரிந்தது. "வேணும்னா உங்கள சேத்துக்கலாம் மேடம். நீங்க பன்னெண்டாவது. வயசும் சரியா இருக்கு. சர்க்கரை இல்லல்ல?"

நோயாளிக்கு இடமில்லை, நோயில்லாத எனக்கு உண்டு. நான் ரொம்பச் சத்தமாகப் பேசினேன் என்று பிறகு சொன்னார்கள். சுவரில் மாட்டியிருந்த பிள்ளைகளின் எடை அட்டவணையைக் காட்டினேன். இந்தப் பால்வாடியில் ஒரு பிள்ளை எடை குறைந்தால் மேலே இருக்கும் ஆபீசுக்கெல்லாம் தெரிந்துவிடும். அந்தப் பிள்ளை படித்ததா, அவன் அம்மா படித்தாளா என்று தராசு கேட்பதில்லை. எங்கள் பிள்ளைகளை அளக்க உலகத்துக்கு வழி தெரிந்திருக்கிறது. அதே பிள்ளை கிழவியானால் மட்டும் அளக்க ஆளில்லை. "மூளை சீக்குக்கு எங்க ஊரு கண்ணுக்குத் தெரியுது. ஒங்க டேப்புக்குத்தான் தெரியல" என்றேன். அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. அவளைக் கலங்க வைத்ததில் எனக்கு ஒரு பயனும் இல்லை. கேள்வி எழுதியவர்கள் எங்கேயோ குளிரில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்திருப்பார்கள்.

இத்தனை ரகளைக்கு நடுவில் அத்தை சின்னப் பிள்ளைகளின் நாற்காலியில் உட்கார்ந்து, அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து, "ஊட்டா ஆய்த்தா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். அவள், "சாப்ட்டேன் ஆயா" என்றாள். அன்று அத்தையிடமிருந்து கேள்வி மட்டும்தான் வந்தது. அதற்கு மதிப்பெண் இல்லை.

அதன் பிறகு அதிக நாள் ஆகவில்லை. ஒரு மதியம் பிள்ளைகளுக்குப் பரிமாறிக்கொண்டிருந்தபோது ஆள் ஓடி வந்தது. அத்தை புளியமரத்தடியில் மயங்கிக் கிடந்தார். ஆம்புலன்ஸில் ஏற்றி அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். சர்க்கரை உச்சத்தில் இருந்தது. குளுக்கோஸ் மிஷின் காட்டிய எண்ணைப் பார்த்து அங்கே இருந்தவர்கள் என்னைப் பார்த்தார்கள். அந்தப் பார்வை எனக்குப் பழகியிருந்தது.

சாயங்காலம் கொட்டாயிலிருந்து பெண்கள் ஷேர் ஆட்டோ பிடித்து வந்தார்கள். எதிர் வீட்டு அக்கா கட்டிலோரம் உட்கார்ந்து மூக்கைச் சிந்தினார். "பாவம் ஆயா. காத்தாலகூட நம்ம வூட்டுல நாலு இட்லி தின்னுட்டு, தெம்பா எந்திரிச்சுப் போச்சு."

மேட்டு வீட்டுப் பெண் திரும்பினாள். "இட்லியா? நம்ம வூட்டுக்கு வந்து பசிக்குதுன்னு கண்ணுல தண்ணி வுட்டுச்சே! கேசரி கிண்டியிருந்தேன், தட்டு நெறையக் குடுத்தேன்."

"கேசரியா?" என்றாள் டெய்லர் கடைக்காரி. "நான் எங்க வூட்டுக்காரருக்கு வெச்ச சோத்தையே போட்டேன். மூணு நாளாத் தின்னலன்னு சொல்லுச்சு."

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்க முடியாத சிரிப்பு, அழுகையும் கலந்த ஒன்று. எங்கள் ஊரில் பசி என்று வாசலுக்கு வந்தவரை இல்லை என்று அனுப்ப மாட்டார்கள், அது பாவம். வந்தவர் வீட்டில் போய், "ஏன் சோறு போடவில்லை?" என்று கேட்கவும் மாட்டார்கள், அது மரியாதை இல்லை. போட்டதைப் பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்லிக் காட்டவும் கூடாது, புண்ணியம் போய்விடும். என்னைப் பற்றிப் புறம் பேசுவது மட்டும் எந்தக் கணக்கிலும் பாவத்தில் வரவில்லை. அதனால் எல்லா வீடும் ஒரே கிழவிக்கு, ஒன்றுக்கொன்று தெரியாமல், மாசக் கணக்காகச் சோறு போட்டிருக்கிறது. இத்தனை நல்ல மனசு சேர்ந்துதான் அவரை அந்தக் கட்டிலில் படுக்க வைத்தது.

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேக்கா?"

"எப்படிக் கேக்கறது டீச்சர்? ஒனக்கு மனசு சங்கடமாவாதா?" என்றார் எதிர் வீட்டு அக்கா. ஊரெல்லாம் பேசும்போது ஆகாத சங்கடம்.

பக்கத்துக் கட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்த பயிற்சி டாக்டர் பெண் இதையெல்லாம் கேட்டுவிட்டு அருகில் வந்தாள். தாள் எதையும் எடுக்கவில்லை. "முன்னாடி தனியா என்னென்ன செய்வாங்க, இப்ப எது செய்ய வரல?" என்று மட்டும் என்னைக் கேட்டாள். நான் களியிலிருந்து ஆரம்பித்தேன். அவள் நின்றபடியே கடைசிவரை கேட்டாள். ஸ்கேன், ரத்தம் எல்லாம் பார்த்த பிறகு பெரிய டாக்டரோடு வந்து அந்தப் பேரைச் சொன்னாள். மறதி நோய், டிமென்ஷியா. எனக்கு அப்போது ஒரு பெருமூச்சு வந்தது, கெட்ட செய்திக்கு வரக்கூடாத மூச்சு.

போனில் படித்திருந்த புது மருந்துகளைப் பற்றிக் கேட்டேன். அந்த விளம்பரங்களில் வெள்ளைத் தலைகள் பச்சைப் புல்லில் சிரித்தபடி நடந்து போகும். "அதெல்லாம் நம்மள மாதிரி ஆளுங்கள அதிகம் வெச்சு சோதிச்சது இல்லீங்கம்மா" என்றாள். "ஆயாவுக்கு ஒத்துக்குமா, என்ன பண்ணும்னு யாருக்கும் தெரியாது. வெலையும் நம்மால முடியாது. ஒரு சாதாரண மாத்திரை இருக்கு, தரோம். பெருசா எதிர்பாக்காதீங்க." உண்மையைச் சொன்னதற்கு அவளுக்கு நன்றி. ஆனால் ஆத்திரம் தீரவில்லை. சோதனையில் எங்களைச் சேர்க்க மாட்டார்கள். சேர்க்காததால் மருந்து எங்களுக்கு ஒத்துக்குமா என்று தெரியாது. தெரியாததால் தர மாட்டார்கள். பந்தியில் இலையே போடாமல், நீ எவ்வளவு தின்பாய் என்று தெரியவில்லையே என்று கை விரிக்கிற கதை.

பேர் எழுதிய சீட்டை நாத்தனாரிடம் நீட்டினேன். அவர் வாங்கிப் பார்க்கவே இல்லை. "சீட்டு யாரு வேணா எழுதுவாங்க. எங்கம்மாவ நான் பாத்துக்கறேன்" என்று ஆஸ்பத்திரியிலிருந்தே காரிமங்கலத்துக்குக் கூட்டிப் போய்விட்டார். கொட்டாயே அதைப் பார்த்தது. என் கதைக்கு அதைவிட நல்ல முடிவு ஊருக்குத் தேவைப்படவில்லை.

ஒரு மாதம்கூடத் தாண்டியிருக்காது. நாத்தனார் போன் செய்தார். குரல் உடைந்திருந்தது.

"ஏம்மா... எங்கம்மா இங்க சந்தைக்குப் போறவங்களையெல்லாம் நிறுத்தி, என் மவ சோறு போட மாட்டேங்கறான்னு சொல்லுதும்மா. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் பேச்சாயிடுச்சு. எங்க வூட்டுக்காரரு என்னையே மொறைக்கறாரு. பெத்த பொண்ணு நானு."

இந்த நிமிஷத்துக்காக எத்தனை இரவு காத்திருந்திருப்பேன். சொல்ல வேண்டிய வசனங்கள் எல்லாம் மனப்பாடமாக இருந்தன. "தட்டு ஈரமா இருந்துச்சுங்களா அண்ணி?" என்று மட்டும் கேட்டேன். அந்தப் பக்கம் அழுகைச் சத்தம் வந்தது. "கூட்டிட்டு வாங்க" என்றேன்.

திரும்பி வந்தபோது அத்தை இளைத்திருந்தார். சர்க்கரை குறைந்திருந்தது. நாத்தனார் என் கையைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டு, அடுத்த பஸ்ஸில் போய்விட்டார். கொட்டாயில் வீடு வீடாகப் போய் நானே சொல்லி வைத்தேன்: ஆயா வந்தால் மோர் கொடுங்கள், வெள்ளரிக்காய் கொடுங்கள், எனக்கு ஒரு போன் போடுங்கள். எதிர் வீட்டு அக்கா தலையாட்டினார். ஆனாலும் அவர் கை இன்னும் இட்லிச் சட்டிப் பக்கம் போவதை நான் பார்க்கிறேன்.

போன வாரம் சாயங்காலம். களி கிண்டி, உருண்டை பிடித்து, கீரைக் குழம்பு ஊற்றி, அத்தையின் முன்னால் வைத்தேன். அன்று பால்வாடியில் ஆய்வுக்கு ஆள் வந்திருந்ததால் நான் காலையிலிருந்து ஒரு டீ மட்டும்தான் குடித்திருந்தேன். அத்தை ஒரு வாய் தின்றார். அக்கம் பக்கம் பார்த்துவிட்டு என் பக்கம் குனிந்து, ரகசியமாகப் பேசினார்.

"என் மருமவ இருக்காளே. எனக்குச் சோறே போட மாட்டேங்கறா."

"அப்படீங்களா?" என்றேன்.

"அவகிட்ட சொல்லிடாத. நீ நல்லவ." என் முகத்தை உற்றுப் பார்த்தார். எதைக் கண்டாரோ தெரியவில்லை. உருண்டையைக் கையால் இரண்டாகப் பிட்டு, பெரிய பாதியை என் பக்கம் தள்ளி, என்னையும் தின்னச் சொன்னார்.

"நீனும் ஊட்டா மாடு. அவ உனக்கும் போட மாட்டா."

நான் அதை எடுத்துத் தின்றேன்.